கிரெடிட் கார்டோட குடும்பம் ஓட்டுறதும் இல்லாம ஓட்டுறதும்: ரெண்டையும் பார்த்துட்டு எழுதுற ரிவ்யூ

எந்த பேங்க் கார்டு நல்லா இருக்கு, எதுல பாயின்ட்ஸ் ஜாஸ்தி, எதுக்கு ஆனுவல் ஃபீ கிடையாதுன்னு ரிவ்யூ ஏற்கனவே ஏகப்பட்டது கிடக்கு. நான் கிரெடிட் கார்டுங்கிற பொருளையே ரிவ்யூ பண்ணலாம்னு உக்காந்திருக்கேன், அதுவும் ஒரு குடும்பத்தோட மாச வரவு செலவுக்குள்ள அது என்ன வேலை பண்ணுதுங்கிறத மட்டும். எங்க வீட்டுல ரொம்ப காலம் எல்லா செலவும் கார்டுலதான் போச்சு, அப்புறம் கார்டே வேண்டாம்னு முடிவு பண்ணி நல்லா நாள் கணக்கா அப்படியும் ஓட்டிப் பார்த்தோம், இப்ப ஒரே ஒரு கார்டு இருக்கு, அதுவும் ஒரு சில வேலைக்கு மட்டும். அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்சுதான் சொல்றேன்.

முதல்லயே தீர்ப்பைச் சொல்லிடறேன், பொறுமை இல்லாதவங்க இதோட கிளம்பிக்கலாம். பணம் கட்டுற கருவின்னு பார்த்தா 5க்கு 4 ஸ்டார் தாராளமா குடுக்கலாம். கடன் வாங்குற வழின்னு பார்த்தா 5க்கு 1 கூட அதிகம். சிக்கல் எங்கன்னா இந்த ரெண்டும் ஒரே அட்டைக்குள்ள இருக்கு, எந்த நிமிஷத்துல பணம் கட்டுறது கடன் வாங்குறதா மாறுதுன்னு யாரும் நம்மள கூப்பிட்டு சொல்ல மாட்டாங்க.

ஆரம்பத்துல இது இப்படி ஒண்ணா இல்ல. 1950ல நியூயார்க்ல டைனர்ஸ் கிளப் கார்டு வந்தப்ப மாசம் ஒரு பில் வரும், வந்தா முழுசா கட்டணும், அவ்வளவுதான். பாக்கி வச்சு இழுக்குற பேச்சே இல்ல. 1958ல பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியால ஃப்ரெஸ்னோங்கிற ஊர்ல சுமார் 60,000 பேருக்கு யாரும் கேக்காமலே தபால்ல கார்டு அனுப்பினாங்க, அந்த கார்டுலதான் பில்லுல கொஞ்சம் கட்டிட்டு மீதிய வட்டியோட அடுத்த மாசத்துக்குத் தள்ளிக்கலாம்ங்கிற வசதி இருந்துச்சு. 1976ல விசான்னு பேர் மாறினது அந்த கார்டுதான். இப்படி கேக்காம கார்டு அனுப்புறத 1970ல அமெரிக்கால சட்டம் போட்டு நிறுத்த வேண்டிய அளவுக்குப் போச்சு. இன்னைக்கு நம்ம பர்ஸுல இருக்கிற கார்டு இந்த 1958 வகைதான். முழுசா கட்டுனா 1950 கார்டு மாதிரி நடந்துக்கும், ஒரு மாசம் கொஞ்சம் குறைச்சு கட்டுனா அதோட இன்னொரு குணம் வெளிய வரும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். கார்டு நல்லதா கெட்டதான்னு கேக்கறவங்க கிட்ட நான் திருப்பிக் கேக்கற ஒரே கேள்வி, இந்த மாச வீட்டுச் செலவ எந்த மாச சம்பளம் கட்டுது? வட்டி கட்டுறீங்களா, பாயின்ட்ஸ் எவ்வளவு, லிமிட் என்னங்கிறதெல்லாம் அப்புறம். நிறைய பேர் "நான் மாசாமாசம் முழுசா கட்டிடறேன், ஒரு பைசா வட்டி கட்டினது இல்ல"ன்னு பெருமையா சொல்லுவாங்க, அது உண்மையாவும் இருக்கும், ஆனா கொஞ்சம் தோண்டிப் பார்த்தா அந்த வீடு ஒரு மாசம் பின்தங்கி ஓடிக்கிட்டு இருக்கும். சம்பளம் வருது, வந்ததும் போன மாச கார்டு பில்லுக்குப் பெரிய துண்டு போயிடுது, மிச்சம் இருக்கிறது வாடகைக்கும் லோன் தவணைக்கும் சரியா போகுது, கையில ஒண்ணும் இல்லாததால இந்த மாச மளிகை, பெட்ரோல், ஸ்கூல் செலவு, மருந்து எல்லாம் மறுபடி கார்டுல ஏறுது, அதுக்கு அடுத்த மாச சம்பளம் வரணும். வட்டி ஜீரோதான். கிரெடிட் ஸ்கோரும், அதாவது கடன ஒழுங்கா கட்டுறோமான்னு பார்த்து போடுற மார்க்கும், பிரமாதமா இருக்கும். ஆனா சம்பளம் ஒரு மாசம் நின்னுச்சுன்னா போன மாசம் தின்ன சோத்துக்கு பில்லும் கட்டணும் இந்த மாசம் சாப்பிடவும் வேணும், ரெண்டுக்கும் பணம் இருக்காது.

இது ஏன் கண்ணுக்குத் தெரியறது இல்லன்னா அந்த தேதிக் கணக்கு அப்படி இருக்கு. உதாரணத்துக்கு ஸ்டேட்மென்ட், அதாவது மாச பில், 5ஆம் தேதி வருது, அத கட்ட கடைசி நாளான டியூ டேட் 25ஆம் தேதின்னு வச்சுக்கோங்க. 6ஆம் தேதி வாங்கின பொருள் அடுத்த மாசம் 5ஆம் தேதி பில்லுலதான் வரும், அதுக்கு 25ஆம் தேதி வரைக்கும் டைம், ஆக கிட்டத்தட்ட 50 நாள் வட்டி இல்லாம பணம் நம்ம கையில. அதே பொருள 4ஆம் தேதி வாங்கியிருந்தா மறுநாளே பில்லுல ஏறி 21 நாள்லயே கட்டியாகணும். பேங்க் விளம்பரத்துல "50 நாள் வரை வட்டி இல்லை"ன்னு போடுறாங்களே அந்த "வரை"ல இருக்கிற சமாச்சாரம் இதுதான். இந்த இடைவெளி நம்ம கணக்குல காசு இருக்கிற மாதிரி ஒரு தோற்றத்தக் குடுக்குது. பேங்க் ஆப்ப தொறந்தா பேலன்ஸ் தெரியும், கார்டு பாக்கி வேற ஸ்க்ரீன்ல இருக்கும், ரெண்டையும் கழிச்சுக் காட்டுற இடம் பெரும்பாலும் எங்கயும் இல்ல, நாமதான் மனசுக்குள்ள கழிச்சுக்கணும், வேலை முடிஞ்சு களைச்சு வந்து யாரு கழிக்கிறாங்க.

பேங்க்காரங்க பாஷைல முழுசா கட்டுறவங்களுக்கு டிரான்ஸாக்டர்னு பேரு, பாக்கி வச்சு இழுக்கறவங்களுக்கு ரிவால்வர்னு பேரு. நாம நினைக்கிறது முதல் வகைக்கும் ரெண்டாவது வகைக்கும் நடுவுல பெரிய மதில் இருக்குன்னு. மதில் எல்லாம் இல்ல. ஒரு மாசம் பின்தங்கி ஓடுற வீட்டுல ஒரே ஒரு பெரிய செலவு, வண்டி ரிப்பேரோ ஆஸ்பத்திரியோ, வந்தா போதும், அடுத்த பில்ல முழுசா கட்ட முடியாது.

கட்ட முடியாமப் போனா என்ன ஆகும்ங்கிறத ஸ்டேட்மென்ட வச்சே சொல்றேன், ஏன்னா இத நிதானமா படிக்கிறவங்க ரொம்பக் கம்மி. மேல ரெண்டு நம்பர் இருக்கும், கட்ட வேண்டிய முழுத் தொகை டோட்டல் டியூ, குறைஞ்சது இவ்வளவாவது கட்டணும்ங்கிறது மினிமம் டியூ. மினிமம் டியூ சின்னதா, பார்க்க ஆறுதலா இருக்கும், நிறைய கார்டுல மொத்தத்துல 5 சதவீதம் அளவுக்கு. அத கட்டிட்டா லேட் ஃபீ வராது, ஸ்கோர் அடி வாங்காது, அதனால வர்ற நல்லது அதோட முடிஞ்சுது. வட்டி ஓட ஆரம்பிச்சுடும். பெரும்பாலான கார்டுல அந்த வட்டி டியூ டேட்ல இருந்து ஓடாது, ஒவ்வொரு பொருளும் வாங்கின தேதில இருந்தே ஓடும். இன்னும் கேளுங்க, பாக்கி இருக்கிற வரைக்கும் புதுசா வாங்குற எதுக்கும் வட்டி இல்லாத நாள்னு ஒண்ணும் கிடையாது, இன்னைக்கு வாங்குற பால் பாக்கெட்டுக்கும் இன்னைல இருந்தே வட்டி. பில்லுல 95 சதவீதம் கட்டிட்டேன், மிச்சம் 5 சதவீதத்துக்குத்தானே வட்டின்னு கேட்டா இல்ல, நீங்க அந்த 95ஐ கட்டுன நாள் வரைக்கும் முழுப் பணத்துக்கும் வட்டி, அதுக்கப்புறம்தான் மீதிக்கு.

இந்த வட்டி மாசம் 3 சதவீதம்னு சொன்னா கேக்கறதுக்கு சாதாரணமா இருக்கு. வருஷத்துக்கு 36னு பெருக்கிக்குவோம். வட்டிக்கு வட்டி சேர்ந்து அது 42.5 சதவீதத்தத் தாண்டுது. இப்ப மினிமம் மட்டும் கட்டிக்கிட்டே போனா என்னன்னு கணக்குப் போட்டுப் பார்த்தேன், பேப்பர்ல நீங்களும் போட்டுப் பாருங்க. 1000 பாக்கி, மாசம் 3 சதவீதம் வட்டி, மாசாமாசம் நிலுவைல 5 சதவீதம் கட்டுறோம், கார்டுல புதுசா ஒண்ணுமே வாங்கல. ஒரு வருஷம் முடியறப்ப நம்ம கையில இருந்து போனது கிட்டத்தட்ட 550. பாக்கி எவ்வளவுன்னா இன்னும் 770. அதாவது 550 கட்டி கடன் குறைஞ்சது வெறும் 230. பாக்கி பாதியா குறையவே ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆகும், அதுவும் நடுவுல ஒரு தடவை கூட கார்ட தேய்க்காம இருந்தா. இப்படி மினிமம் மட்டும் கட்டுனா எத்தனை வருஷம் ஆகும்னு ஸ்டேட்மென்ட்லயே அச்சடிச்சுக் காட்டணும்னு அமெரிக்கால 2009 சட்டம் கொண்டு வந்தாங்க, அந்த ஒரு வரி எல்லா நாட்டு ஸ்டேட்மென்ட்லயும் பெரிய எழுத்துல வரணும்ங்கிறது என் ஆசை.

ஆட்டோ டெபிட் போட்டிருக்கேன் எனக்கு இந்த பயம் இல்லன்னு இருக்கிறவங்க தயவுசெஞ்சு இன்னைக்கே ஒரு தடவை உள்ள போய்ப் பாருங்க. செட் பண்றப்ப டோட்டல் டியூவா மினிமம் டியூவான்னு ஒரு ஆப்ஷன் கேக்கும், அவசரத்துல மினிமம் செலக்ட் ஆகியிருந்தா மாசாமாசம் பணம் கழியும், மெசேஜ் வரும், எல்லாம் சரியா போகுதுன்னு தோணும், பின்னாடி வட்டி ஏறிக்கிட்டே இருக்கும். தெரிஞ்ச ஒரு குடும்பத்துல இப்படி ரொம்ப நாள் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க, அவங்க ரெண்டு பேரும் நல்லா படிச்சு நல்ல வேலைல இருக்கிறவங்க.

ஏடிஎம்ல கிரெடிட் கார்டு போட்டு கேஷ் எடுக்கிறதப் பத்தி ஒரே வரி. எடுக்காதீங்க, அதுக்கு வட்டி இல்லாத நாளே கிடையாது, எடுத்த நிமிஷத்துல இருந்து ஓடும், மேல ஒரு ஃபீயும் உண்டு.

சரி, கார்டே இல்லாம இருந்தா எப்படி இருக்குன்னு பார்ப்போம். இதுல கஷ்டம் எல்லாம் முதல் மாசத்துலதான் இருக்கு. ஏன்னா அந்த ஒரு மாசம் போன மாச பில்லையும் கட்டணும், இந்த மாசத்த கையில இருக்கிற காசுலயும் ஓட்டணும், ஒரே சம்பளத்துல ரெண்டு மாசம். பல பேர் கார்ட விட்டுடலாம்னு முடிவெடுத்து ரெண்டாவது வாரத்துலயே திரும்பி வந்துடறது இதனாலதான், மனசு உறுதி இல்லைன்னு அவங்களே அவங்கள திட்டிக்குவாங்க, பாவம், பிரச்சனை உறுதில இல்ல, ஒரு மாச பணம் குறையுது அவ்வளவுதான். நாங்க பண்ணது ஒரேயடியா நிறுத்தாம செலவுல ஒவ்வொரு வகையா கார்டுல இருந்து எறக்கினோம். முதல்ல மளிகைய மட்டும் டெபிட்டுக்கு மாத்துனோம், அடுத்த மாச பில் அந்த அளவுக்கு குறைஞ்சு வந்துச்சு, அப்படி மிச்சமானத வச்சு அடுத்ததா பெட்ரோல், அப்புறம் கரன்ட் பில் ஃபோன் பில், கடைசியா ஆன்லைன் ஷாப்பிங். போனஸோ வேற ஏதாவது எதிர்பாராத பணமோ வந்தா அத இந்த இடைவெளிய மூடறதுக்குப் போட்டா சீக்கிரம் முடியும், அதுக்கு இதவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

அந்த இடைவெளி மூடினதுக்கு அப்புறம் வர்ற நிம்மதி இருக்கே, அத எப்படி சொல்றதுன்னு தெரியல. மாசம் முதல் தேதி கணக்குல இருக்கிற பணம் முழுக்க நம்ம பணம். யாருக்கும் போன மாசத்துக்குன்னு எடுத்து வைக்க வேண்டியது இல்ல. 20ஆம் தேதி வாக்குல பேலன்ஸ் குறையறது கண்ணுக்குத் தெரியும், தெரிஞ்சதும் வீட்டுல எல்லாரும் தானா கை இறுக்கிக்கிறோம், யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியதில்ல. எங்க வீட்டுல காசு விஷயமா வர்ற சண்டை குறைஞ்சதுக்கு முக்கியக் காரணம் இது. முன்னாடி எல்லாம் பில் வந்த அன்னைக்கு "இது யார் வாங்கினது, இது என்ன செலவு"ன்னு ஒரு மாசத்துக்கு முந்தின விஷயத்த எடுத்து வச்சு விசாரணை நடக்கும், வாங்குனவங்களுக்கே ஞாபகம் இருக்காது, அதுல இருந்து பேச்சு எங்கெங்கயோ போகும். இப்ப செலவு நடக்கிற அன்னைக்கே பேச்சும் முடிஞ்சிடுது.

கார்டு இல்லாதப்ப செலவு குறையுமான்னு கேட்டா, எங்களுக்கு குறைஞ்சுது. இதப் பத்தி நல்ல ஆராய்ச்சியும் இருக்கு. அமெரிக்கால எம்ஐடிங்கிற யுனிவர்சிட்டில ட்ராசன் ப்ரெலெக், டங்கன் சிமெஸ்டர்னு ரெண்டு பேர் ஒரு ஏலம் மாதிரி நடத்தினாங்க, டிக்கெட் எல்லாம் வித்துத் தீர்ந்துபோன ஒரு பாஸ்டன் செல்டிக்ஸ் கூடைப்பந்து மேட்ச் டிக்கெட்டுக்கு, பாதிப் பேர்கிட்ட கேஷ்ல கட்டணும்னும் மீதிப் பேர்கிட்ட கிரெடிட் கார்டுல கட்டணும்னும் சொல்லி எவ்வளவு குடுப்பீங்கன்னு எழுதச் சொன்னாங்க. கார்டுக்காரங்க எழுதுன தொகை கேஷ்காரங்க எழுதினதுல ரெண்டு மடங்கு பக்கம். 2001ல வந்துச்சு அந்தக் கட்டுரை. அதே டிக்கெட்தான், மாறினது பணம் குடுக்கிற விதம் மட்டும். ஒண்ணு சேர்த்துச் சொல்லணும், கேஷ எண்ணிக் குடுக்கிறப்ப இருக்கிற உறுத்தல் டெபிட் கார்டுலயும் ஃபோன்ல ஸ்கேன் பண்ணிக் கட்டுறதுலயும் நிறைய குறைஞ்சுடுது, அதனால கிரெடிட் கார்ட தூக்கிப் போட்டதும் கை தானா அடங்கிடும்னு எதிர்பார்க்காதீங்க. பேலன்ஸ் உடனே குறையறது ஒண்ணுதான் அதுல இருக்கிற பிரேக்.

கார்டு இல்லாம இருக்கிறப்ப நிஜமாவே சிரமமா இருந்த இடங்களையும் சொல்லணும், இல்லன்னா ரிவ்யூ நியாயமா இருக்காது. ஒண்ணு ஹோட்டல் ரூம், வாடகைக் கார். செக்-இன் பண்றப்ப ஒரு தொகைய பிடிச்சு வைப்பாங்க. கிரெடிட் கார்டுல அது லிமிட்டுல மட்டும் குறையும், நம்ம பணத்தத் தொடாது. டெபிட் கார்டுல நிஜப் பணமே முடங்கும், ரூம காலி பண்ணி வந்ததுக்கு அப்புறமும் திரும்பி வர நாள் ஆகும், அந்த நேரத்துல வேற தவணை எதாவது கணக்குல இருந்து போக வேண்டியிருந்தா மாட்டிக்குவோம். சில இடத்துல டெபிட் கார்டே வாங்க மாட்டாங்க. ரெண்டாவது, ஏமாத்து வேலை. நம்ம கார்டு நம்பர் எங்கயோ கசிஞ்சு யாரோ பொருள் வாங்கிட்டாங்கன்னு வைங்க, கிரெடிட் கார்டுன்னா அது பேங்க் பணம், நாம புகார் குடுத்துட்டு அந்த தொகைய தகராறுல வச்சுக்கிட்டு விசாரணை முடியற வரை மூச்சு விடலாம். டெபிட் கார்டுன்னா போனது நம்ம சம்பளம், விசாரணை முடியற வரை வீட்டுக்கு வேற வழி பார்க்கணும். அதே மாதிரி ஆர்டர் பண்ணின பொருள் வரவே இல்ல, கடைக்காரர் ஃபோன எடுக்கல, கம்பெனியே மூடிட்டாங்க, இந்த மாதிரி நேரத்துல சார்ஜ்பேக்னு ஒரு வழி இருக்கு, பேங்க் மூலமா பணத்தத் திரும்பக் கேக்கலாம். டெபிட்லயும் அது உண்டு, ஆனா கிரெடிட்ல நம்ம கை ஓங்கி இருக்கு. நாங்க திரும்ப ஒரு கார்டு எடுத்ததுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், பாயின்ட்ஸ் இல்ல.

பாயின்ட்ஸ் பத்தி ரொம்ப பேச எனக்கு விருப்பம் இல்ல, ஆனா பேசாம விட்டா எல்லாரும் அதத்தான் கேப்பாங்க. நூத்துக்கு ஒண்ணோ ரெண்டோ திரும்ப வருது. அது எங்க இருந்து வருதுன்னா நாம கார்ட தேய்க்கிறப்ப எல்லாம் கடைக்காரர் ஒரு பங்கு பேங்குக்குக் குடுக்கறாரு, அதுல ஒரு துளி நமக்கு வருது. கடைக்காரர் அத விலைல ஏத்திதான் வைப்பாரு, கார்டே இல்லாம கேஷ் குடுக்கிற ஏழையும் அந்த ஏத்துன விலையத்தான் குடுக்கறாரு, எனக்கு இது நியாயமா படல. ஐரோப்பிய யூனியன்ல 2015ல இந்தப் பங்குக்கு உச்சவரம்பு போட்டாங்க, டெபிட்டுக்கு 0.2 சதவீதம், கிரெடிட்டுக்கு 0.3, அந்த அளவுல கார்டு குடுக்கிற பேங்க்கால பாயின்ட்ஸ அள்ளி வீச முடியாது. முழுசா கட்டுறவங்களுக்கு பாயின்ட்ஸ் சின்ன லாபம், சரி. ஆனா வருஷத்துல ஒரே ஒரு மாசம் வட்டில மாட்டினா போதும், அந்த வருஷம் பாயின்ட்ஸ்ல வந்ததுல ஒரு நல்ல பங்கு கரைஞ்சிடும். அதுக்கும் மேல, இவ்வளவு செலவு பண்ணா ஆனுவல் ஃபீ தள்ளுபடின்னு ஒரு இலக்கு வச்சிருப்பாங்க, அத எட்டறதுக்காக தேவையில்லாத பொருள் வாங்குற வீட்ட நான் பார்த்திருக்கேன்.

நோ காஸ்ட் இஎம்ஐயும் இதே வகைதான். வட்டி இல்லன்னு போட்டிருக்கும், மொத்தமா கட்டுனா கிடைக்கிற தள்ளுபடி இஎம்ஐ எடுத்தா கிடைக்காது, ப்ராசஸிங் ஃபீ தனி. ஒரு இஎம்ஐ தாங்கும். ஃபோனுக்கு ஒண்ணு, வாஷிங் மெஷினுக்கு ஒண்ணு, பிள்ளையோட கோர்ஸுக்கு ஒண்ணுன்னு சேர்ந்தா மாசம் பிறக்கறதுக்கு முன்னாடியே சம்பளத்துல பாதிக்கு பேர் எழுதியாச்சு.

"அவசரத்துக்கு இருக்கட்டுமே"ன்னு கார்ட வச்சுக்கிறவங்க நிறைய. இதுல எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. லிமிட்ங்கிறது நம்ம பணம் இல்ல, பேங்க் நினைச்சா குறைக்கலாம். 2008லயும் 2020லயும் அமெரிக்கால பல பேங்க் அதத்தான் பண்ணினாங்க, ஊருக்கே வேலை போயிக்கிட்டு இருந்த நேரத்துல. நமக்கு எப்ப தேவையோ அப்பதான் அவங்களும் பயப்படுவாங்க. மூணு மாச செலவுக்காவது சேமிப்பு தனியா இருக்கணும், கார்டு அந்த சேமிப்ப பேங்க்ல இருந்து எடுக்கிற ரெண்டு மூணு நாளுக்கு மட்டும் கைகொடுக்கலாம். ராத்திரி நேரத்துல ஆஸ்பத்திரில அட்வான்ஸ் கட்டச் சொன்னா கார்டு தேய்ச்சுட்டு அடுத்த வாரம் சேமிப்புல இருந்து கட்டிடலாம், அந்த மாதிரி. சேமிப்பே இல்லாம கார்ட மட்டும் நம்பி இருக்கிறதுக்குப் பேரு அவசர நிதி இல்ல.

மாசா மாசம் ஒரே அளவு வருமானம் வராதவங்க, கடை வச்சிருக்கிறவங்க, ஃப்ரீலான்ஸ் பண்றவங்க, இவங்களுக்கு கார்டோட அந்த 50 நாள் இடைவெளி ரொம்ப உதவியா தெரியும், நிஜமாவும் உதவும். ஆனா அவங்களுக்குத்தான் ஆபத்தும் ஜாஸ்தி, ஏன்னா பில் தேதி மாறாது, கஸ்டமர் பணம் குடுக்கிற தேதி மாறிக்கிட்டே இருக்கும். அவங்க வீட்டுச் செலவுக்குன்னு ஒரு தனிக் கணக்கு வச்சு நல்ல மாசத்துல வர்றத அதுல போட்டு மாசம் ஒரு அளவு மட்டும் எடுத்துக்கிட்டா கார்டு செய்யற அதே வேலைய அந்தக் கணக்கே செஞ்சிடும்.

கிரெடிட் ஸ்கோர் விஷயத்துல கார்டு இல்லாதவங்களுக்கு ஒண்ணு இடிக்குது. கடனே வாங்காம ஒழுங்கா வாழ்ந்தவங்க வீட்டு லோனுக்குப் போனா "உங்களப் பத்தி ரெக்கார்டே இல்ல"ன்னு உக்கார வச்சுடுவாங்க. கோவம் வரும், ஆனா நடைமுறை அதுதான். அதுக்கு ஒரு சின்ன கார்டு, முடிஞ்சா டெபாசிட் மேல குடுக்கிற கார்டு, மாசம் ஒரு ஃபோன் பில்ல மட்டும் அதுல கட்டி முழுசா அடைச்சுக்கிட்டே வந்தா போதும். லிமிட்டுல 30 சதவீதத்துக்குள்ள செலவு இருக்கட்டும்னு சொல்லுவாங்க, ஃபோன் பில் அந்த அளவுக்கு எங்க வரப் போகுது.

இப்ப எங்க வீட்டுல எப்படின்னா, அந்த ஒரு கார்டு டிக்கெட், ஹோட்டல், தெரியாத வெப்சைட்ல வாங்குற பொருள் இதுக்கு மட்டும். கார்டுல ஒரு செலவு ஆச்சுன்னா அன்னைக்கே அந்தத் தொகைய சேமிப்புக் கணக்குல தனியா மாத்தி வச்சுடுவோம், பில் வர்றப்ப அதுல இருந்து போயிடும். லிமிட்ட பேங்க்ல கேட்டு குறைச்சு வச்சிருக்கோம், கூட்டித் தர்றோம்னு வர்ற கால் எல்லாத்துக்கும் வேண்டாம்னு ஒரே பதில். ரெண்டு பேர் ஃபோனுக்கும் மெசேஜ் வர்ற மாதிரி வச்சிருக்கோம், இது ரொம்ப முக்கியம், ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச கார்டு கடன் வீட்டுல எத்தனை நாள் மறைஞ்சு இருக்கும்னு சொல்லவே முடியாது. ஒரே கணக்குல வீட்டுல இன்னொருத்தருக்கும் ஆட்-ஆன் கார்டு வாங்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும், யார் தேய்ச்சாலும் கடன் மெயின் கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்க தலையிலதான்.

கார்ட விட்டுடலாம்னு முடிவு பண்றவங்களுக்கு க்ளோஸ் பண்ற விஷயத்துல சில வேலை இருக்கு. வெட்டிப் போட்டா க்ளோஸ் ஆகாது, ஆனுவல் ஃபீ வந்துக்கிட்டேதான் இருக்கும். முதல்ல அந்த கார்டுல ஓடிக்கிட்டு இருக்கிற சப்ஸ்க்ரிப்ஷன், இன்ஷூரன்ஸ் ப்ரீமியம், ஆட்டோ பே எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்தணும், வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வர்றதுதான் மறந்து போகும், அதனால ஒரு வருஷ ஸ்டேட்மென்ட்ட எடுத்து வச்சு மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு தடவை பாருங்க. ரீஃபண்ட் ஏதாவது வர வேண்டியிருந்தா அது வந்து சேர்ற வரைக்கும் பொறுங்க. மிச்சம் பாயின்ட்ஸ் இருந்தா எடுத்துக்கோங்க. பாக்கி வச்சு இழுத்துக்கிட்டு இருந்தவங்க முழுசா கட்டி முடிச்சதும் அடுத்த மாசமும் ஒரு சின்ன வட்டி வரும், ஸ்டேட்மென்ட் போட்ட தேதிக்கும் நீங்க கட்டுன தேதிக்கும் நடுவுல ஓடுனது அது, ஜீரோ ஆயிடுச்சுன்னு நினைச்சு பார்க்காம விட்டா அந்த சின்னத் தொகைக்கு லேட் ஃபீ போட்டு ஸ்கோரையும் இறக்கிடுவாங்க. அதையும் அடைச்சுட்டு அப்புறம் எழுத்துல க்ளோஸ் பண்ணச் சொல்லிக் கேளுங்க, பாக்கி எதுவும் இல்லன்னு அவங்க அனுப்புற லெட்டர பத்திரப்படுத்துங்க, ரெண்டு மூணு மாசம் கழிச்சு கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து அந்த கார்டுக்கு நேரா க்ளோஸ்டுன்னு விழுந்திருக்கான்னு பாருங்க, விழலன்னா அந்த லெட்டர வச்சு திருத்தச் சொல்லி எழுதிப் போடுங்க.